குதிரை சொன்ன கதை

ஜவ்வாது மலைத்தொடரின் தென்புறத்தே செங்கம் வட்டாரம் பரந்து கிடக்கிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலுமாகிய பழம்போர்களில் உயிர் துறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் அவ்வட்டாரத்தின் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் உள்ள கல் ஒன்று தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பெற்ற கல் அது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவமும், அவனருகே ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனருகே அது காவல் நின்ற செய்தி, அதற்கென்றே தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னர் பலருடைய பெயர்களே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக நின்று நிலவுகிறது.

அதே மலையைச் சூழ்ந்துள்ள ஊர்களாகிய ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் போளூரிலும், புகைவண்டி நிலையத்தில் இறங்கி ஊருக்குள் செல்வோர் நெடுங்காலம் நம்பியிருந்தது ஜட்கா எனப்படும் குதிரை வண்டியையே ஆகும். மூட்டை முடிச்சுகளோடும் முதியோர் குழந்தைகளோடும் அவ்வண்டிகளை இழுத்து உழைத்த மட்டக்குதிரைகளுள் ஒன்றின் பெயரேனும் எக்கல்லிலும் இல்லை. அவை என்ன எண்ணின, எங்கே வலித்தது, எந்தச் சுமையைத் தாங்க மாட்டாது தவித்தன என்பவற்றை அறிந்தாரும் இலர். நாய் வலி பொறாவிடின் கதறும். குதிரையோ பெரும்பாலும் ஓசையின்றியே துன்பத்தைத் தாங்கும். கொடிய விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் பிறந்த உயிர், தன் நலிவை வெளியே காட்டினால் முதலில் வீழ்த்தப்படுவது தானே என்பதனை இயல்பூக்கத்தால் உணர்ந்திருக்கிறது. ஆதலின், புண்பட்ட தோளோடும் நொந்த குளம்போடும் அது மேலும் ஒரு கல் தொலைவு நடந்துவிடும். அருகில் இருப்போர், அதற்கு ஒரு குறையும் இல்லை என்று எண்ணிக்கொள்வர்.

இவ்வாறு வாயடைத்து நிற்கும் உயிருக்கு வாய் கொடுத்து, அதன் கதையை அதுவே சொல்லுமாறு செய்த நூல் ஒன்று 1877-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டில் வெளிவந்தது. அந்நூலின் பெயர் 'பிளாக் பியூட்டி' என்பது. கருநிற அழகன் என்பது அதன் பொருள். நூலின் முகப்பில், ஒரு குதிரையின் தன்வரலாறு என்றும், குதிரை மொழியிலிருந்து அன்னா சூவெல் பெயர்த்தது என்றும் அச்சிடப்பட்டிருந்தது. இன்று உலகெங்கும் சிறுவர்க்கென எழுதப்படும் குதிரைக் கதைகள் பலவற்றிற்கும் தாய்வேர் அந்நூலே. அதனை எழுதிய அம்மையார் தம் வாழ்நாளில் வேறொரு கதை நூலும் எழுதி வெளியிட்டாரல்லர்.

அன்னா சூவெல் 1820-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் நார்ஃபோக் மாவட்டத்துக் கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் நண்பர் சபையைச் சார்ந்தவர்கள். எளிய உடை, எளிய உணவு, உயிர்களிடத்தில் இரக்கம் என்பன அச்சபையினர் பேணிய ஒழுக்கங்கள். தந்தை ஐசக் சூவெலுக்கு வாணிகம் கைகூடவில்லை. குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. தாய் மேரி சூவெல், உழைக்கும் மக்கள் படிப்பதற்கேற்ற எளிய கதைப் பாடல்களை இயற்றிப் பெரும்புகழ் பெற்றவர். மகளுக்கு முதல் ஆசிரியையும் அவரே.

அன்னா பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்தபோது, குடும்பம் இலண்டன் நகரையடுத்த ஸ்டோக் நியூயிங்டனில் வாழ்ந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து மழையில் வீடு திரும்புகையில் அவர் கால் வழுக்கி விழுந்தார். கணுக்கால்கள் ஊறுபட்டன. அக்கால மருத்துவத்தால் அவற்றைச் செம்மைப்படுத்த இயலவில்லை. அன்று முதல் இறுதிவரை அவரால் நெடுநேரம் நிற்கவும் நெடுந்தொலைவு நடக்கவும் முடியாமற்போயிற்று. ஊன்றுகோலும் படுக்கையுமே துணையாயின. ஐரோப்பிய நாடுகளின் மருத்துவ நீரூற்றுகளில் நீராடியும் பெரும்பயன் விளையவில்லை.

வெளியுலகைக் காண அவருக்கு இருந்த வழி ஒன்றே. அது குதிரை பூட்டிய சிறு வண்டி. தந்தையைப் புகைவண்டி நிலையத்தில் கொண்டு விடவும், மாலையில் அழைத்து வரவும் அவரே வண்டியோட்டிச் செல்வார். வாரைத் தளரப் பிடித்துக்கொண்டு, அருகில் அமர்ந்த தோழியோடு பேசுவது போலவே குதிரையோடும் பேசிக்கொண்டு ஓட்டுவார் என்று உடன் சென்றோர் குறித்துள்ளனர். பிறருக்குக் குதிரை ஊர்தி. அவருக்கோ அது கால். மேடு வந்தால் அதன் மூச்சு எவ்வாறு மாறுகிறது, கல்தரையில் அதன் நடை எவ்வாறு தளர்கிறது, எக்குரலுக்கு அது காதைத் திருப்புகிறது என்பனவற்றையெல்லாம் அவர் ஆண்டாண்டாகக் கண்டறிந்தார். தம் உடலால் விரும்பியவாறு இயங்க முடியாத ஒருவர், பிறர் விருப்பின்படியே இயங்கவேண்டிய ஓர் உயிரை உற்று நோக்கியதன் பயனே அந்நூல் எனலாம்.

1867-இல் குடும்பம் நாரிச்சு நகரை அடுத்த பழைய காட்டன் என்னும் சிற்றூரில் குடியேறியது. 1871-இல் அன்னாவின் உடல்நிலை மிகவும் சீர்கேடுற்றது. அவ்வாண்டு நவம்பரில், ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதி வருவதாகத் தம் நாட்குறிப்பில் குறித்தார். பின்னர்ப் பன்முறை எழுத்து நின்றது. எழுந்து அமரும் ஆற்றல் இல்லாத நாள்களில் அவர் வாயால் சொல்லத் தாயார் எழுதினார். சிறிது தெளிவுற்ற நாள்களில் படுக்கையில் கிடந்தவாறே காகிதத் துண்டுகளில் பென்சிலால் எழுதினார். அத்துண்டுகளையெல்லாம் திரட்டிச் செவ்வையாகப் படியெடுத்தவரும் அவ்வெண்பது வயது அன்னையாரே. 49 சிறு இயல்கள் கொண்ட நூல் முற்றுப்பெற ஆறு ஆண்டுகள் ஆயின. நாரிச்சு நகரத்து ஜாரோல்டு பதிப்பகத்தார் மிகச் சிறிய தொகை கொடுத்து உரிமையைப் பெற்று, 1877-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் நூலை வெளியிட்டனர். ஐந்து திங்கள் கழிந்தபின், 1878 ஏப்பிரல் 25-இல், அன்னா உயிர் நீத்தார். அவருக்கு அப்போது அகவை 58. சவ ஊர்தியை இழுக்க வந்து நின்ற குதிரைகளின் தலைகள் வாரினால் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதைத் தாயார் சாளரத்தின் வழியே கண்டு, அவ்வார்களை அவிழ்த்தாலன்றி ஊர்தி புறப்படலாகாது என்று நிறுத்தினார் என்பர்.

அந்த வாரின் செய்தியை அறிந்தாலன்றி அந்நூலின் பயனும் புலப்படாது. அக்காலத்து இங்கிலாந்தில் செல்வர் வீட்டு வண்டிக் குதிரைகள் தலை நிமிர்ந்து, கழுத்து வளைந்து, கம்பீரமாகத் தோன்ற வேண்டும் என்பது நாகரிகமாக இருந்தது. அதன்பொருட்டுக் கடிவாளத்திலிருந்து ஒரு குறுகிய வாரை இழுத்து, முதுகின்மேல் உள்ள பட்டையில் கொக்கியில் மாட்டிவிடுவர். வார் எத்துணைக் குறுகுகிறதோ அத்துணைக்குத் தலை மேலே நிற்கும். காண்போர்க்கு அது அழகு. குதிரையோ மேட்டில் சுமை இழுக்கும்போது தலையையும் கழுத்தையும் முன்னே தாழ்த்தித் தன் உடற்பாரம் முழுவதையும் கழுத்துப்பட்டையின்மீது சாய்த்தே இழுக்கும். தலை தாழ இடமில்லையெனின், அப்பாரம் பயன்படாது. முதுகும் பின்னங்கால்களும் முறியுமாறு வருந்த வேண்டும். அன்றியும், மனிதர் போல வாயால் மூச்சுவிடக் குதிரையால் முடியாது. மூக்கு ஒன்றே அதற்கு மூச்சுவழி. தாடை மார்பை நோக்கி மடங்க மடங்கத் தொண்டையில் அவ்வழி நெருங்கி ஒடுங்குகிறது. வாயில் நுரை தள்ளும்; இரும்புக் கடிவாளம் நாவையும் வாயோரத்தையும் அறுக்கும். அந்நுரையை மிடுக்கின் அடையாளமாகக் கருதிக் களித்தோரும் இருந்தனர்.

இக்கொடுமையை முதலில் கண்டித்தவர் அன்னா அல்லர். எட்வர்டு ஃபோர்டம் ஃபிளவர் என்பார் 1875-ஆம் ஆண்டிலேயே கடிவாளங்களையும் தலைதூக்கும் வாரையும் பற்றித் தனி நூல் எழுதிக் காரணங்களை எடுத்துக்காட்டி வாதிட்டார். விலங்கு வதைத் தடைக்கெனச் சட்டமும் அந்நாட்டில் 1822 முதலே இருந்தது. 1824-இல் அதற்கென ஒரு சங்கமும் தோன்றியிருந்தது. காரணங்களும் சட்டமும் சங்கமும் இருந்தும், வார் இருந்த இடத்திலேயே இருந்தது. குறை அறிவில் இல்லை. குதிரையின் கழுத்தில் தன் கழுத்தை வைத்துப் பார்க்கும் வழி எவருக்கும் கிட்டவில்லை.

அவ்வழியை அன்னா திறந்தார். கதையில் குதிரையே 'நான்' என்று பேசுகிறது. கருப்பழகன் பசும்புல் வெளியில் தாயோடு துள்ளித் திரிந்த இளமையிலிருந்து தொடங்குகிறான். வாயில் முதன்முதலாக இரும்பு நுழைந்தபோது எவ்வாறு இருந்தது, குளம்பில் இலாடம் அறையப்பட்டபோது கால் எவ்வாறு கனத்தது என்று அவன் சொல்லிச் செல்கிறான். முதல் வீட்டில் நல்ல தலைவர், நல்ல குதிரைக்காரர். ஓர் இரவு வெள்ளத்தால் பாலம் உடைந்திருப்பதை உணர்ந்து, எவ்வளவு தூண்டியும் அவன் அடியெடுத்து வையாமல் நின்று வண்டியில் இருந்தோரைக் காக்கிறான். மற்றோர் இரவில் மருத்துவரை அழைத்துவர உயிரைக் கொடுத்து ஓடித் திரும்புகிறான். அன்றிரவு அவனைப் பேணிய சிறுவன் ஜோ, வியர்த்து ஆவி பறக்கும் உடலைப் போர்வையால் மூடாமல், தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். குதிரை காய்ச்சலில் விழுந்து சாகப் பிழைக்கக் கிடக்கிறது. ஜோ கெட்டவன் அல்லன். அவனுக்குத் தெரியாது, அவ்வளவே. இந்த நுட்பமே நூல் முழுதும் ஊடுருவி நிற்கிறது. கொடியவர்களால் விளையும் துன்பத்தினும், அறியாமையாலும் எண்ணாமையாலும் விளையும் துன்பமே அதில் மிகுதி.

தலைவரின் மனைவி நோயுற்று அக்குடும்பம் வெளிநாடு செல்ல, கருப்பழகனும் அவனுடைய தோழியாகிய ஜிஞ்சர் என்னும் செந்நிறப் பெண்குதிரையும் ஒரு பெருஞ்செல்வர் மாளிகைக்கு விற்கப்படுகின்றனர். அங்கேதான் தலைதூக்கும் வார் வருகிறது. வீட்டுத் தலைவிக்குத் தம் குதிரைகளின் தலை ஊரிலுள்ள எல்லாக் குதிரைகளின் தலையினும் உயர்ந்து நிற்க வேண்டும். நாள்தோறும் ஒவ்வொரு துளையாக வார் இறுக்கப்படுகிறது. ஒருநாள் ஜிஞ்சர் பொறுமை இழந்து உதைத்துத் துள்ளி விழுகிறாள். பிறகொரு நாள், குடிவெறியிலிருந்த ஏவலன் ஒருவன், தளர்ந்த இலாடத்தைக் கவனியாமல் கருப்பழகனைக் கல்பாதையில் விரட்டுகிறான். இலாடம் கழன்று குளம்பு பிளந்து குதிரை முழங்கால் மடங்கி வீழ, ஏவலனும் வீழ்ந்து மாய்கிறான். முழங்கால் தழும்பு நிலைத்துவிட்டது. அழகு குன்றிய குதிரைக்குச் செல்வர் இலாயத்தில் இடமில்லை. அதுமுதல் கருப்பழகன் கை மாறி மாறி இறுதியில் இலண்டன் மாநகரில் வாடகை வண்டிக் குதிரையாகிறான்.

நூலின் உயிர்நிலை இவ்விலண்டன் பகுதியே. மாளிகையில் கொடுமை செய்தது ஆடம்பரம். தெருவில் கொடுமை செய்வது வயிறு. ஜெர்ரி பார்க்கர் என்னும் நல்ல வண்டிக்காரர், வாரத்தில் ஒருநாள் தமக்கும் குதிரைக்கும் ஓய்வு வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கிறார். அவரிடம் இருந்த காலமே கருப்பழகனுக்கு நகரத்தில் வாய்த்த நற்காலம். ஆயினும் அதற்கும் முடிவு வருகிறது. ஆண்டின் இறுதி இரவில் சீட்டாட வந்த இருவர், பதினொரு மணிக்கு வண்டி வேண்டும் என்று சொல்லிச் செல்கின்றனர். பனிமழையில் ஜெர்ரி காத்து நிற்கிறார். அவர்கள் வெளியே வருகையில் மணி ஒன்றேகால். நேரம் கடந்ததற்கு ஒரு சொல் வருத்தமும் அவர்கள் தெரிவிக்கவில்லை. ஜெர்ரி நெஞ்சுநோயில் விழுகிறார். வண்டித் தொழிலையே விட நேர்கிறது. குதிரை மீண்டும் விலைக்கு வருகிறது. அந்த இருவரும் எவரையும் அடிக்கவில்லை, வையவில்லை.

சாம் என்னும் ஏழை வண்டிக்காரனின் வரலாறு இதனினும் கூர்மையானது. வண்டியும் குதிரைகளும் அவனுடையன அல்ல. நாள் ஒன்றுக்குப் பதினெட்டு ஷில்லிங் முதலாளிக்குக் கட்டிய பின்னரே தன் குடும்பத்திற்கு ஒரு காசு மிஞ்சும். பதினான்கு, பதினாறு மணி நேரம் ஓட்டினாலும் சில நாள்களில் வாடகைக்கே போதாது. களைத்த குதிரையைச் சவுக்கால் அடிக்காமல் எவ்வாறு ஓட்டுவது, மனைவி மக்களைவிடக் குதிரையை முன்னே வைக்க எவனால் முடியும் என்று அவன் கேட்கிறான். அங்கிருந்தோர் எவராலும் விடை கூற இயலவில்லை. சில நாள்களில் அவனும் இறந்துபோகிறான். சவுக்கைப் பிடித்த கை சாமுடையது. அக்கையை உந்தியது முதலாளியின் வாடகை. அவ்வாடகையை வளர்த்தது விரைந்து செல்ல விரும்பிய பயணியின் அவசரம். குதிரையின் கதையைச் சொல்லப் புகுந்த அம்மையார், குதிரைக்காரனின் கதையையும் விடாமல் சொன்னதே அந்நூலை வெறும் இரக்கக் கதையாக்காமல் காத்தது. ஜிஞ்சர் எலும்புந் தோலுமாய் ஒருநாள் வண்டி நிலையத்தில் கருப்பழகனைச் சந்தித்து, இனிச் சாவே நலம் என்று சொல்வதும், சின்னாள் கழித்துச் செந்நிறக் குதிரை ஒன்றின் உடல் ஒரு வண்டியில் போவதைக் கருப்பழகன் காண்பதும், படித்தோர் எளிதில் மறவாத பகுதிகள்.

இறுதியில் புகைவண்டி நிலையம் ஒன்றில் பெட்டி பேழைகளோடு ஒரு குடும்பம் வண்டி ஏறுகிறது. இன்னொரு வண்டியும் வைத்துக்கொள்ளலாமே என்று சுமைகூலி சொல்கிறான். இந்தக் குதிரையால் இவ்வளவும் இழுக்க முடியாது, பாருங்கள் என்று சிறுமி தந்தையிடம் மன்றாடுகிறாள். தந்தை கேளாமல் பெட்டிகளை ஏற்றச் செய்கிறார். மேட்டில் ஏறும்போது கருப்பழகன் விழுந்துவிடுகிறான். அவன் பின்னர்ப் பிழைத்து, நல்லோர் இல்லம் ஒன்றை அடைந்து, அங்கே வளர்ந்து ஆளாகியிருந்த ஜோவினாலேயே அடையாளம் காணப்படுகிறான். பெரியோர் கண்ணுக்குப் புலப்படாததை அச்சிறுமி கண்டாள் என்பதைச் சிறுவர் படிப்போர் எவரும் குறித்துக்கொள்ளத் தவறுவதில்லை.

வியப்பு யாதெனின், அன்னா இதனைச் சிறுவர்க்கென எழுதவில்லை. குதிரைக்காரர்களும் வண்டியோட்டிகளும் இலாயத்துப் பையன்களும் படித்துக் குதிரைகளை அன்போடும் அறிவோடும் நடத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். வாக்கியங்கள் சிறியனவாகவும் இயல்கள் குறுகியனவாகவும் அமைந்தது அதனாலேயே. அந்த எளிமையே நூலைச் சிறுவர் கையில் சேர்த்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விலங்குவதைத் தடைச் சங்கத்தை நிறுவிய ஜார்ஜ் ஏஞ்சல் என்பார், 1890-இல் மலிவுப் பதிப்பாக அதனை அச்சிட்டு வண்டியோட்டிகளிடையே இலவசமாகவும் வழங்கினார். இலட்சக்கணக்கான படிகள் பரவின. இதுவரை ஐந்து கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றிருக்கும் என மதிப்பிடுகின்றனர். தலைதூக்கும் வார் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அது பெருமைக்குரிய அணியாக இருந்த நிலை மாறி, நாணத்தக்க பொருளாகிப் பையப் பைய மறைந்தது.

குதிரையையே பேசவைக்கும் உத்தி வேறு நாட்டினர்க்கும் தோன்றாமலில்லை. உருசிய நாட்டு டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'கோல்ஸ்தோமர்' என்னும் கதையிலும் முதிய குதிரை ஒன்று தன் வரலாற்றைச் சொல்கிறது. ஆயின் அது பெரியோர்க்குரியது. சிறுவர்க்குரிய குதிரைக் கதைகள் இருபதாம் நூற்றாண்டில் தனித்துறையாகவே வளர்ந்தன. அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் நியூபெரி பதக்கத்தை 1927-இல் வில் ஜேம்ஸ் என்பார், மேய்ச்சற்காட்டுக் குதிரை ஒன்றைப் பற்றிய 'ஸ்மோக்கி' என்னும் கதைக்காகப் பெற்றார். அடுத்த ஆண்டே அப்பதக்கத்தை ஓர் இந்தியர் பெற்றார் என்பது நம் நாட்டார் அறியவேண்டிய செய்தி. கல்கத்தாவை அடுத்த ஊரில் 1890-இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தன கோபால் முகர்ஜியே அவர். அவருடைய நூலில் வருவது குதிரையன்று, செய்தி சுமக்கும் புறா. எனினும், கதையின் சில பகுதிகளை அப்புறாவே சொல்கிறது.

மார்கரீட் ஹென்றி என்னும் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்வு அன்னாவின் வாழ்வை நினைவூட்டுவது. ஆறு வயதில் தொற்றிய நோயினால் ஆறு ஆண்டுகள் படுக்கையில் கழித்த அவர், ஓடமுடியாத அந்நாள்களில் புத்தகங்களிலேயே உலகைக் கண்டார். பின்னர் மட்டக்குதிரைகளையும் பந்தயக் குதிரைகளையும் பற்றிப் பல நூல்கள் எழுதினார். 1948-இல் அவர் வெளியிட்ட 'கிங் ஆஃப் தி விண்டு' என்னும் நூலும் நியூபெரி பதக்கம் பெற்றது. மொரோக்கோ நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த அரபுக் குதிரை ஒன்றின் கதை அது. அக்குதிரையைப் பிரியாமல் பின்தொடரும் சிறுவனை ஊமையாகப் படைத்திருக்கிறார் ஆசிரியர். வாய் பேசாத இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் முறையே அக்கதை.

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாதார் இலர். அரசன் கருவூலத்தைத் திறந்து பொன் கொடுத்தனுப்பும் அளவிற்குக் குதிரை அருமையான பொருளாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே கப்பலில் வந்திறங்கின என்றும், அவற்றுள் ஆண்டிறுதி வரை உயிரோடிருந்தவை மிகச் சிலவே என்றும் எழுதியுள்ளார். வேகவைத்த சோற்றோடு இறைச்சியும் கலந்து ஊட்டினர். இலாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் வல்லார் இலர். குதிரை வணிகரோ, தம் வாணிகம் தளராதிருக்க அத்தகைய வல்லுநர் இங்கே வராதவாறு பார்த்துக்கொண்டனர் என்பது அவர் கூற்று. புல்லும் கொள்ளும் தின்னும் உயிருக்குச் சோறும் ஊனும் ஊட்டியோர், அதனை வதைக்க எண்ணி அவ்வாறு செய்திருக்க மாட்டார்கள். விலையுயர்ந்த விருந்தாளிக்கு விருந்து படைப்பதாகவே கருதியிருப்பர். ஜோ செய்த பிழையை ஒரு பேரரசே செய்திருக்கிறது.

பிற்காலத்தில் அரசரின் குதிரை மறைந்து, தெருவில் ஜட்கா குதிரை வந்தது. ஜவ்வாது மலையடிவாரத்துப் புன்செய்களில் விளையும் கொள்ளே இத்தகைய குதிரைகளுக்கு ஏற்ற தீனி. நிலையத்தில் வண்டி வந்து நிற்கும். வண்டிக்காரர் கூலி பேசுவார். பயணியர், இவ்வளவுதானே என்று இன்னும் ஒரு மூட்டையை ஏற்றச் சொல்வர். ஜட்காவின் பாரம் முன்னே சாய்ந்தால் குதிரையின் முதுகை அழுத்தும். பின்னே சாய்ந்தால் வயிற்றுவார் மேலே இழுத்து நெரிக்கும். முன்னே நகர்ந்து உட்காருங்கள், பின்னே நகர்ந்து உட்காருங்கள் என்று வண்டிக்காரர் பன்முறை சொல்வது பயணியருக்கு நகைப்பாக இருந்தது. நடுநிலை அமைந்தால்தான் குதிரைக்கு மூச்சு இருந்தது. சாம் கேட்ட கேள்வியை இங்கும் பல வண்டிக்காரர் கேட்டிருப்பர். குதிரைக்குக் கொள்ளு வாங்குவதா, வீட்டுக்கு அரிசி வாங்குவதா என்ற நிலை வந்த நாள்கள் அவர்களுக்குப் புதியனவல்ல.

விடுதலைக்குப் பின் இந்திய நாடாளுமன்றத்தில் இவ்வுயிர்களின் பொருட்டுக் குரல் எழுப்பியவர் சென்னையைச் சேர்ந்த பெண்மணியே. கலாட்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றதும், விலங்குவதைத் தடைக்கென ஒரு தனி மசோதாவைக் கொணர்ந்தார். அரசே அதற்கெனச் சட்டம் இயற்றும் எனத் தலைமையமைச்சர் நேரு உறுதி கூறியதன்மேல் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைக்கப்பெற்ற விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பல்லாண்டுக் காலம் அவ்வாரியத்தின் தலைமையிடம் சென்னையில் இருந்தது.

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படிப்போர்க்குக் கருப்பழகனின் வாழ்க்கை நினைவுக்கு வராமற்போகாது. அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், நோயுற்ற அல்லது புண்பட்ட அல்லது முதுமையால் தளர்ந்த விலங்கை வேலை வாங்குதல் ஆகியன குற்றங்கள் என அது வகுக்கிறது. குற்றம் செய்பவனோடு, தன் விலங்கை அவ்வாறு நடத்த இடங்கொடுக்கும் உரிமையாளனும் அதற்கு உட்படுகிறான். சாமை மட்டுமன்றி அவன் முதலாளியையும் சட்டம் கண்டுகொண்டது எனலாம். 1965-இல் வெளியான விதிகள் இன்னும் நுணுக்கமானவை. பொதி சுமக்கும் விலங்குகளுள் மட்டக்குதிரையின் மீது 70 கிலோவிற்கு மேல் ஏற்றலாகாது. கழுதையின் மீது 50 கிலோ. கோவேறு கழுதையின் மீது 200 கிலோ. இழுவை விலங்கையும் பொதி விலங்கையும் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வின்றி ஐந்து மணி நேரத்தைக் கடத்தலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்ட இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை அவற்றை ஓட்டவே கூடாது.

வேலூரிலும் திருப்பத்தூரிலும் கோடைத் திங்கள்களில் வெப்பம் அவ்வளவினை எளிதில் கடந்துவிடும். விதியின்படி, அந்த மூன்று மணி நேரமும் குதிரை அவிழ்க்கப்பட்டு, நிழலில், தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.